அடைப்புக்குறிக்கு வெளியே ஒரு மைனஸ்

போன வாரம் நம் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு கணக்கைப் போட்டாள். ஆறை இரண்டால் வகுக்க வேண்டும், பக்கத்திலேயே ஓர் அடைப்புக்குறி, அதற்குள் ஒன்று கூட்டல் இரண்டு. விடை ஒன்றா ஒன்பதா? அவ்வளவுதான். மூட்டுவலித் தைலம், பேரப்பிள்ளைகள் படம், வடலூர் ஜோதி தரிசனம் என்று அமைதியாகப் போய்க்கொண்டிருந்த குழு இரண்டாகப் பிரிந்தது. ஒருத்தி கோபித்துக்கொண்டு வெளியேறி, மறுநாள் மறுபடி சேர்க்கப்பட்டாள். "நீதான் அல்ஜீப்ராவுல புலியாச்சே, நீ சொல்லு" என்று என்னையும் இழுத்தீர்கள்.

நான் பதில் போடவில்லை. அல்ஜீப்ராவில் புலி ஆவதற்கு முன்னால் ஒரு மழைக்காலம் முழுக்க நான் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த மழைக்காலத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது பாதிதான். எட்டாம் வகுப்பில் நானும் என் பெஞ்சுத் தோழியும் காப்பியடித்து மாட்டிக்கொண்டோம் என்பது வரை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. போன வருடம் நாம் சந்தித்தபோதுகூட ஒருத்தி அதைச் சொல்லிச் சிரித்தாள். மீதிப் பாதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கடலூர் முதுநகரில் எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். அப்போது அது கயிற்றுக் கடை. கடைக்குள் நுழைந்தால் முதலில் தார் வாசனை, அதற்குப் பின்னால் நனைந்த தேங்காய் நார் வாசனை. படகுக்குத் தாம்புக் கயிறு, கிணற்றுக்கு வடம், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, அப்போதுதான் புதிதாக வந்திருந்த பச்சை நைலான் கயிறு. எல்லாம் சுருள் சுருளாக ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். கயிற்றைப் பாகத்தில் அளப்பார்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அப்பாவுக்குக் கை நீளம். அதனால் எங்கள் கடையில் கயிறு ஜாஸ்தி கிடைக்கும் என்று துறைமுகம் பக்கம் ஒரு பேர் இருந்தது.

அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் பேப்பரை வாய்விட்டுப் படிப்பார். இங்கிலீஷ் தெரியாது. தாத்தா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால் தம்பியை, அதாவது என் சித்தப்பாவை, அப்பாதான் வளர்த்தார். எங்கள் சொந்தத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்கப் போன முதல் ஆள் சித்தப்பாதான். சிதம்பரத்தில் யுனிவர்சிட்டியில் படித்துக்கொண்டிருந்தார். கடைக்கு வருகிற படகுக்காரர் யாராவது, "இன்னா மச்சான், தம்பி எப்ப ஆபீசரு ஆவுறான்?" என்று கேட்டால் போதும். அப்பா கயிற்றை அளப்பதை நிறுத்திவிடுவார்.

"பி.எஸ்ஸி. கணக்கு. லேசு இல்ல மச்சான். முடிச்ச உடனே நெய்வேலில கூப்ட்டு உக்கார வச்சிடுவான்."

சனிக்கிழமை மத்தியானம் பாசஞ்சரில் சித்தப்பா வருவார். கரி வண்டி. சட்டைக் காலரில் கரித் துகள் ஒட்டியிருக்கும், தலைமுடியில் புகை வாசனை இருக்கும். மெலிந்த உடம்பு. பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அம்மா சமையலறையை விட்டு வெளியே வந்து அவர் பேசுவதைக் கேட்பாள். வேறு யார் பேச்சுக்கும் அவள் அப்படி வந்ததில்லை.

அந்த வருடம்தான் நமக்குச் சமன்பாடு ஆரம்பித்தது. கணக்கு டீச்சர் அந்த வருடம்தான் புதிதாக வந்திருந்தார். ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம் கட்டியிருப்பாரே, அவர்தான். எக்ஸ் என்று ஒன்றைப் போட்டுவிட்டு அது என்ன என்று கண்டுபிடிக்கச் சொன்னார். எக்ஸ்கூடப் பரவாயில்லை, அடைப்புக்குறி வந்ததும் சுத்தமாகப் புரியவில்லை. வீட்டில் அழுதேன்.

"வீட்ல ஒரு பி.எஸ்ஸி. கணக்க வச்சிக்கிட்டு உனக்கு இன்னா பயம்?" என்றார் அப்பா. சனிக்கிழமை சித்தப்பா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

"டீச்சர் சொல்றத கவனிச்சா போதுங்ண்ணா. நான் ஒண்ணு சொல்லி அவுங்க ஒண்ணு சொல்லி, கொழந்தைக்குக் கொழம்பிடும்" என்று சித்தப்பா நழுவப் பார்த்தார்.

"நீ சொன்னா அதுக்கு மேல இன்னா இருக்குது? சொல்லு."

சித்தப்பா புத்தகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு ஆழமாக யோசிக்கிறார் என்று அப்போது வியந்தேன். அவர் அந்தப் பக்கத்தை முதல் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பாடம் கேட்க என் பெஞ்சுத் தோழியும் வருவாள். அவள் அப்பா ரயில்வே கேட் கீப்பர். ஐந்து பெண்களில் இவள் மூத்தவள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கேட் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயிலுக்குப் போய்விட்டு, தலையில் போட்ட முக்காட்டுத் துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். கேள்வி கேட்பதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. சித்தப்பா எங்கள் இரண்டு பேரையும் கடை சைக்கிளில் முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தியாக ஏற்றி தேவனாம்பட்டினத்துக்கு அழைத்துப் போனார். அங்கே இடிந்து கிடந்த கோட்டைச் சுவரைக் காட்டினார். நாங்கள் பார்த்தது செங்கல்லும் முள்ளுச் செடியும்தான். அவர் பேசப் பேச அங்கே கோட்டை எழுந்து நின்றது. இங்கிலீஷ்காரன் எங்கே தங்கியிருந்தான், பிரெஞ்சுக்காரன் எந்தப் பக்கமாக வந்து சூழ்ந்தான், பீரங்கி எங்கே நின்றது, உள்ளே குடிக்கத் தண்ணீர் இருந்ததா இல்லையா, கோட்டை விழுந்ததும் யார் கொடி ஏறியது என்று ஆற்றங்கரை ஈரக் காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் ஈர மணலில் குச்சியால் ஒரு சமன்பாடு எழுதினார்.

"அடைப்புக்குறின்றது ஒரு கோட்டை. உள்ள எக்ஸும் இருக்கான், அவன் பக்கத்துல ஒரு நம்பரும் இருக்கான். வெளிய ஒரு நம்பர் வந்து நிக்கிறான். அவன் உள்ள பூந்து எல்லாரையும் பெருக்குவான். ஆனா உள்ள இருக்கறவன் கொடி இருக்குது பாரு, மைனஸ் கொடி, அத மட்டும் இறக்க மாட்டான்."

"வெளிய வந்து நிக்கிறவனும் மைனஸா இருந்தா?" என்று தோழி கேட்டாள்.

"எவன் வந்தா இன்னா? கோட்டை விழற வரைக்கும் உள்ள இருக்கறவன் கொடி அதான்."

"கோட்டை விழுந்துட்டா சித்தப்பா?"

அவர் சிரித்தார். "அது அடுத்த பாடம்."

இப்போது நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. அடைப்பை நீக்குவது என்றாலே கோட்டை விழுவதுதானே? கோட்டை விழுந்தால் கொடி மாறும் என்பதைத்தானே அவர் அன்று காலை முழுக்க எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்? அவருடைய சரித்திரம் சரியாக இருந்தது. கணக்குதான் அந்த ஒரு படி முன்னாலேயே நின்றுவிட்டது. ஆனால் எங்களுக்கு மனதில் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு அடைப்புக்குறியைக் கண்டு நாங்கள் பயப்படவே இல்லை. வேகமாகப் போட்டோம். வெளியே மைனஸ், உள்ளேயும் மைனஸ் என்று வந்த கணக்குகள் அத்தனையும் தப்பு.

அரையாண்டுப் பரீட்சையில் அப்படிப்பட்ட கணக்குகளாகவே வந்தன. அதில் ஒன்று இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

5x − 2(x − 3) = 18

நாங்கள் கொடியை இறக்கவில்லை. மைனஸ் ஆறு என்று எழுதி, எக்ஸ் எட்டு என்று முடித்து, அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டோம். நான் போட்டதும் எட்டு, அவள் போட்டதும் எட்டு.

விடைத்தாள் கொடுத்த அன்று டீச்சர் எங்கள் இரண்டு தாள்களை மட்டும் தனியாக வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் எழுந்திரிங்க. சரியா போட்டா எல்லாருக்கும் ஒரே விடை வரும். அதுல ஆச்சரியமில்ல. தப்பு மட்டும் எப்பிடி ஒரே மாதிரி வரும்? அஞ்சு கணக்குலயும் ஒரே எடத்துல, ஒரே தப்பு. யாரு யாரப் பாத்து எழுதினது?"

அது தப்பு என்றே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் விழித்த விழியைத் திருட்டு விழி என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். தாழ்வாரத்தில் நிற்கச் சொன்னார். சாரல் அடித்துப் பாவாடை நனைந்தது. தோழி பாவாடை ஓரத்தைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா இதோட நிப்பாட்டிடுவாருடி. எட்டாவது போதும்னு ஏற்கெனவே சொல்லிக்கிட்டிருக்காரு."

தெரியாமல் இருக்குமா? நம் வகுப்பில் பாதிப் பேர் அந்த ரயில்வே கேட்டைத் தாண்டித்தானே வீட்டுக்குப் போவீர்கள். யார் சொன்னது என்று நான் இப்போது கேட்கப் போவதில்லை. மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை.

நான் வீட்டில் காப்பியடித்த பேச்சைச் சொல்லவில்லை. "சித்தப்பா சொன்ன மாதிரியே போட்டேன், டீச்சர் தப்புன்னுட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான். அப்பாவுக்குக் கண் சிவந்துவிட்டது. மறுநாள் காலை குடையை எடுத்துக்கொண்டு, கடை வேட்டியோடு, தார் வாசனையோடு பள்ளிக்கு வந்துவிட்டார்.

டீச்சர் ஆசிரியர் அறை வாசலில் நின்றிருந்தார். என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காருங்க" என்றார் டீச்சர்.

"உக்கார வரலீங்க. என் தம்பி பி.எஸ்ஸி. கணக்கு படிக்கிறான். அவன் சொல்லிக் குடுத்தது தப்புன்னா, யுனிவர்சிட்டியே தப்பா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். "உனக்கு உங்க சித்தப்பாவா சொல்லிக் குடுத்தாரு?"

"ஆமா டீச்சர்."

"அந்தப் பொண்ணுக்கும்?"

"ரெண்டு பேருக்கும் ஒண்ணாதான் டீச்சர். கோட்டையில வச்சி."

கோட்டை என்ன என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "ஏன் நேத்தே சொல்லல?"

"நீங்க யாரு யாரப் பாத்து எழுதினதுன்னு கேட்டீங்க டீச்சர். யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேக்கல."

அப்பா பொறுமை இழந்தார். "சொல்லிக் குடுத்தது சரியா தப்பா, அத சொல்லுங்க."

"நீங்க இன்னா வேலை செய்யறீங்க?"

"கயிறு யாவாரம்."

"நல்லதாப் போச்சு. உங்க கடையில ஒரே அளவுல அஞ்சு சுருள் கயிறு இருக்குது. ரெண்டு பேரு வர்றாங்க. ஆளுக்கு ஒரு சுருள் கேக்கறாங்க. ஆனா முழுசா வேணாம், மூணு மூணு பாகத்த வெட்டி நீங்களே வச்சிக்குங்கன்றாங்க. வெட்டிக் குடுத்திட்டீங்க. இப்ப கடையில இன்னா மிச்சம்?"

அப்பா யோசிக்கவே இல்லை. "மூணு முழுச் சுருள். அப்புறம் வெட்டி வச்ச துண்டு ரெண்டு. ஆறு பாகம்."

"அந்த ஆறு பாகம் கடைக்குச் சேருமா, கடைய விட்டுப் போவுமா?"

"சேரும். எங்கிட்டதான கெடக்குது, எப்பிடிப் போவும்?"

"உங்க பொண்ணு போவும்னு எழுதியிருக்கா. மைனஸ் ஆறுன்னு." டீச்சர் விடைத்தாளை எடுத்து அந்த இடத்தைக் காட்டினார். "எல்லாத்தையும் சேத்து அளந்தா பதினெட்டு பாகம் வருது. அப்பன்னா ஒரு சுருள் எவ்ளோ?"

அப்பாவின் உதடு அசைந்தது. "ஆற எடுத்துட்டா பன்னெண்டு. மூணு சுருள்ல பன்னெண்டு. நாலு பாகம்." பிறகு முகத்தைச் சுளித்தார். "நாலு பாகத்துல எவன் சுருள் போடுவான்?"

டீச்சர் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. குடையைத் தரையில் ஊன்றியபடி நின்றார். கணக்கு புரிந்துவிட்டதுதான் அவருக்குக் கஷ்டமாகப் போய்விட்டது.

"இத என் தம்பி எப்பிடித் தப்பாச் சொன்னான்?"

"கணக்கு படிக்கிறவங்க இதுல தப்பு பண்ண மாட்டாங்க" என்று மெதுவாகச் சொன்னார் டீச்சர். "அவுங்களையே கேட்டுப் பாருங்க."

அன்று மதியம் டீச்சர் வகுப்பில் எல்லோர் முன்னாலும், "அவுங்க ரெண்டு பேரும் காப்பி அடிக்கல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று சொன்னார். மார்க் மட்டும் மாறவில்லை. இதை உங்களில் ஒருத்தரும் நினைவில் வைத்திருக்கவில்லை என்பதுதான் எனக்குச் சின்ன வருத்தம்.

மறுநாள் அப்பா கடையைத் திறக்கவில்லை. இங்கிலீஷ் போர்டைப் படிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு சிதம்பரம் கிளம்பினார். சரிகைக் கரை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. அம்மா வாசல் வரை வந்தாள்.

"போன எடத்துல கத்தாதீங்க. நாலு பேரு பாக்கற எடம்."

ரயிலில் அப்பா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷன் பேரையும் நானே படித்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். வயலெல்லாம் தண்ணீர். வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் மெதுவாகப் போனது. கீழே செம்மண் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. ஜன்னல் கம்பி ஈரமாகவும் துரு வாசனையாகவும் இருந்தது. பிடித்த கையை முகர்ந்து பார்த்துக்கொண்டேன்.

யுனிவர்சிட்டி அவ்வளவு பெரியதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. போர்டுகளைக் கூட்டிக் கூட்டிப் படித்துக் கணக்குப் பிரிவைக் கண்டுபிடித்தேன். அங்கே இருந்த ப்யூன் சித்தப்பா பேரைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார். அப்படி ஒருத்தர் இங்கே இல்லை என்றார்.

"சரியா பாத்துச் சொல்லுங்க. கடலூர் பையன். ஒல்லியா இருப்பான்" என்றார் அப்பா. அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. படிக்கவே இல்லையோ, எங்கேயோ ஓடிவிட்டானோ என்று அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும்.

அந்த வழியாகப் போன ஒரு மாணவர் நின்றார். "கடலூர்க்காரரா? நல்லா பேசுவாரே, அவரா? அவரு ஹிஸ்டரிங்க. பி.ஏ. அந்தக் கட்டடம்."

அப்பா என்னிடம் குனிந்தார். "ஹிஸ்டரின்னா இன்னா?"

"சரித்திரம்பா."

அந்தக் கட்டடத்து வாசலில் நின்றோம். வகுப்பு விட்டு வெளியே வந்த சித்தப்பா எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த புத்தகங்களை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணிக்கு இன்னா ஆச்சு?"

"அவளுக்கு ஒண்ணும் ஆவல. உனக்கு இன்னாடா ஆச்சு?"

கீழ வீதியில் ஓர் ஓட்டலில் போய் உட்கார்ந்தோம். இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் வந்தது. எனக்குப் பசி. நான் சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் இலையைத் தொடவில்லை.

"மூட்டையக் கட்டு. ஊருக்குப் போலாம்" என்றார் அப்பா.

"பரீட்சை இருக்குதுங்ண்ணா."

"இன்னா பரீட்சை? ஊரு பூரா கணக்கு கணக்குன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். நீ இங்க ராசா கதை படிச்சிக்கிட்டு இருக்கற."

"நான் கணக்குன்னு ஒரு நாளும் சொல்லலீங்ண்ணா."

"இல்லன்னும் சொல்லல."

"சொல்லல."

"ஏன்?"

சித்தப்பா இலை ஓரத்தில் இருந்த தண்ணீரை விரலால் தள்ளினார். "என்னால கணக்குல சேர முடியாதுங்ண்ணா. எஸ்.எஸ்.எல்.சி.ல நான் எடுத்தது ஜெனரல் மேத்ஸ். அதுல இந்த அல்ஜீப்ராலாம் பேருக்குத்தான். காம்போசிட் மேத்ஸ் எடுத்தவனுக்குத்தான் காலேஜ்ல சயின்ஸு, கணக்கு எல்லாம். நான் அந்த வாசப்படியே மிதிக்க முடியாது."

"அத ஏன்டா எடுத்த? யாரு எடுக்கச் சொன்னது?"

சித்தப்பா டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

"கேக்கறேன் இல்ல? சொல்லு."

"நீங்கதாண்ணா."

பக்கத்து மேஜையில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

"ஒன்பதாவதுல சேக்கறதுக்கு நீங்க வந்தீங்க. எட்மாஸ்டர் கேட்டாரு, ஜெனரல்ல போடட்டுமா, காம்போசிட்ல போடட்டுமான்னு. நீங்க ஜெனரல்லயே போடுங்க சார்ன்னீங்க. வர்ற வழியில எங்கிட்ட சொன்னீங்க, ஜெனரல்னா பட்டாளத்துலயே பெரிய பதவிடா, சும்மாவா குடுப்பாங்க, நல்லா படின்னு. எனக்கும் அப்ப அதான் பெருசுன்னு தோணிச்சி."

அப்பா இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் தெரிஞ்சப்ப சொல்றதுதான?"

"எப்பிடிங்ண்ணா சொல்றது? நீங்க போட்டதாலதான் எனக்கு எடம் கெடைக்கலன்னா? அதுக்குள்ள நீங்க கடைக்கு வர்ற மாமா மச்சான் அத்தினி பேர்கிட்டயும் கணக்குன்னு சொல்லி வச்சிருந்தீங்க. எனக்கு இந்தப் படிப்புதான் பிடிச்சிருக்குது. அதனால அப்பிடியே இருந்துட்டேன்."

நான் மெல்லுவதை நிறுத்திவிட்டேன். அப்பா கத்துவார் என்று நினைத்தேன். அவர் இலையைத் தன் பக்கம் இழுத்து, ஆறிப்போன இட்லியைப் பிட்டு, கொத்சில் தோய்த்துச் சாப்பிட்டார். முழுவதும் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து நின்றபடியே கேட்டார்.

"சரித்திரம் படிச்சா இன்னா வேலைக்குப் போவ?"

"வாத்தியார் ஆவலாம்."

அப்பா தலையை ஆட்டினார். "ஆவு. கணக்கு மட்டும் யாருக்கும் சொல்லிக் குடுக்காத."

அப்போதுதான் சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பரீட்சை, காப்பிப் பட்டம், தாழ்வாரம், தோழி பள்ளிக்கு வராதது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. அந்த வாரம் சனிக்கிழமை வரை அவர் காத்திருக்கவில்லை. எங்களோடு அதே ரயிலில் ஏறிவிட்டார்.

ஸ்டேஷனில் இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் தண்டவாளத்தோரமாகவே கேட் வீட்டுக்கு நடந்தார். அப்பா, "நீயும் போ" என்று என்னை அவர் பின்னால் அனுப்பினார். தோழி வாசலில் உட்கார்ந்து தங்கைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. அவள் அப்பா சிவப்புக் கொடியையும் பச்சைக் கொடியையும் உலர்த்திக்கொண்டிருந்தார்.

"சார், உங்க பொண்ணு காப்பி அடிக்கல. தப்பு என்னுது. தெரியாத கணக்கத் தெரிஞ்ச மாதிரி சொல்லிக் குடுத்துட்டேன்" என்றார் சித்தப்பா.

"அது கெடக்குதுங்க. எட்டாவது வரைக்கும் படிச்சாச்சு. இவளுக்குப் பின்னால நாலு இருக்குது. போதும்."

"நான் சொன்னத ஒரு எழுத்து மாறாம போட்டிருக்கா. தப்பாச் சொன்னதையே இவ்ளோ சரியாப் போட்ட பொண்ணு, சரியாச் சொன்னா எவ்ளோ போடுவா? யோசிச்சுப் பாருங்க."

கேட் கீப்பர் கொடியைத் திருப்பிப் போட்டார். மணி அடித்தது. கேட்டைச் சாத்தப் போனார். ரயில் வந்து போகும்வரை நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு நின்றோம். கேட்டைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தவர், எங்களைப் பார்க்காமல் தன் பெண்ணிடம் சொன்னார்.

"நாளைக்குப் போறதுன்னா யூனிபாரத்த இப்பவே தொவச்சிப் போடு. மழையில காயாது."

அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள் பள்ளி விட்டதும் டீச்சர் எங்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். விடை வந்ததும் அதை எக்ஸ் இருந்த இடத்தில் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் கண்டிப்பு. எட்டைப் போட்டால் முப்பது வரும், நாலைப் போட்டால்தான் பதினெட்டு வரும். இதை முதலிலேயே செய்திருந்தால் எங்களுக்கே தெரிந்திருக்கும். சனிக்கிழமை சித்தப்பா வரும்போது நாங்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தோம். பொங்கலுக்குள் அவரும் கற்றுக்கொண்டார். அவசரப்பட்டு விடை சொன்னால், "திருப்பிப் போட்டுப் பாருங்க சித்தப்பா" என்று தோழி விடமாட்டாள். அவர் பிற்பாடு குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு பள்ளியில் சரித்திர வாத்தியாராகி, அங்கேயே ஓய்வு பெற்றார். தோழி கணக்கிலேயே எம்.எஸ்ஸி. வரை போனாள். அவள் தங்கைகள் நாலு பேரும் படித்தார்கள். குழுவில் ஒன்பதா ஒன்றா சண்டை நடந்தபோது அவளும் என்னைப் போலவே வாயைத் திறக்கவில்லை, கவனித்தீர்களா?

அப்பா மாறியதாகப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடையில் யாராவது தம்பியைப் பற்றிக் கேட்டால் முதல் சில மாதம் முணுமுணுவென்று ஏதோ சொல்லிவிட்டுக் கயிற்றை அளப்பார். சித்திரை வாக்கில், "சரித்திரம் படிக்கிறான். வாத்தியார் ஆவப் போறான்" என்று நிமிர்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

ஜூன் மாதம் நாங்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனோம். கேட் கீப்பருக்கு டியூட்டி இருந்ததால் எங்கள் இரண்டு பேரையும் அப்பாதான் சேர்க்க வந்தார். தலைமை ஆசிரியை அறைக்கு வெளியே நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தது. அந்த அம்மா தலை நிமிராமலேயே கேட்டார்.

"ரெண்டு பேரையும் எதுல போடறது? ஜெனரலா, காம்போசிட்டா?"

அப்பா எங்களைத் தாண்டிப் போய், அங்கே இருந்த நாற்காலியை இழுத்து, யாரும் சொல்லாமலேயே உட்கார்ந்தார்.

"ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்னு எனக்குப் புரியறாப்பல மொதல்ல சொல்லுங்கம்மா. அவசரமில்ல. கடைய சாத்திட்டுதான் வந்திருக்கேன்."